வலிக்குக் காத்திருப்பதா, தேதி குறிப்பதா? முதல் சிசேரியனுக்குப் பிறகு அடுத்த பிரசவம்

என் முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "அவசர சிசேரியன், தாயும் சேயும் நலம்." இரண்டாவது முறை உண்டானபோது, "இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி செய்யலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்கன்னு இதுல இல்லையேம்மா. ஆபரேஷன் நோட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

வயிற்றில் தழும்பு குறுக்காகத்தானே இருக்கிறது, பார்த்தாலே தெரியாதா என்றுதான் நான் நினைத்தேன். தெரியாது. தோலில் போட்ட வெட்டும் உள்ளே கர்ப்பப்பையில் போட்ட வெட்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியது, வலியின்போது அவ்வளவாகச் சுருங்காது. அங்கே குறுக்காக வெட்டித் தைத்தால் தழும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மேல்பகுதி தடித்த தசை. வலி வரும்போது முழு பலத்தோடு சுருங்குவது அதுதான். அங்கே நெடுக்காக வெட்டியிருந்தால் அடுத்த பிரசவ வலியில் தழும்பு பிரியும் ஆபத்து பல மடங்கு. மிகக் குறைமாதத்தில் எடுத்த குழந்தை, குறுக்கே கிடந்த குழந்தை என்று சில சமயம் அப்படி வெட்ட வேண்டி வந்துவிடுகிறது. அந்தத் தழும்புக்கு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்லும் கணக்கு 100-க்கு 4 முதல் 9 வரை. அந்த வெட்டு என்றால் வலிக்கு விடுவதில்லை; தேதி குறித்து ஆபரேஷன்தான்.

முதல் பிரசவம் நடந்த மருத்துவமனைக்கு இரண்டு முறை நடந்து, எழுதிக் கொடுத்து, நோட்டின் நகலை வாங்கினேன். முதல் தடவை "பழைய ஃபைலெல்லாம் தேட முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை கிடைத்த அரைப் பக்கத்தில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீளவில்லை, இரண்டு அடுக்காகத் தையல், காரணம் குழந்தை கால் கீழாக இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் எங்கள் பேச்சே ஆரம்பித்தது. நோட் கிடைக்காதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. எந்த வாரத்தில், எதற்காக ஆபரேஷன் நடந்தது என்பதை வைத்து வெட்டு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நெடுக்கு வெட்டு என்று வலுவான சந்தேகம் இல்லாவிட்டால் முயற்சிக்கத் தடையில்லை என்பதே பொதுவான நிலைப்பாடு. ஆனாலும் கையில் காகிதம் இருப்பது வேறு.

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்" என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். இதை எழுதியவர் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின், ஆண்டு 1916. முதல் சிசேரியனை யோசிக்காமல் செய்துவிடாதீர்கள், அடுத்த பிரசவங்களும் அதில் கட்டுப்பட்டுவிடும் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதற்காகச் சொன்னது அது. அப்போது வழக்கத்தில் இருந்ததும் நெடுக்கு வெட்டுதான். 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டுக்காக வாதாடி அதைப் பரப்பினார். வெட்டு மாறியது, வாக்கியம் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. 1980-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, தகுந்தவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம் என்றது. 1996-இல் அங்கே முன்பு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 28 பேர் சுகப்பிரசவமானார்கள். சில ஆண்டுகளிலேயே அது 10-க்கும் கீழே இறங்கியது. பெண்களின் உடம்பு பத்து வருடத்தில் மாறிவிடவில்லை. அவசர ஆபரேஷனுக்கான டாக்டர்கள் உடனே கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்று 1999-இல் விதி இறுகியது, வழக்குகள் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது, பல மருத்துவமனைகள் முயற்சியையே நிறுத்திவிட்டன. ஒரு டாக்டர் "எங்ககிட்ட பண்றதில்லை" என்று சொன்னால், அது உங்கள் உடம்பைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது அந்த இடத்தின் வசதியைப் பற்றிய தகவல்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சுகப்பிரசவத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. வலிக்குக் காத்திருந்து முயற்சி செய்வது, தேதி குறித்து ஆபரேஷன் செய்துகொள்வது, இவை இரண்டுதான் நம் கையில் இருப்பவை. முடிவுகளோ மூன்று. முயற்சி பலித்து சுகப்பிரசவம். தேதி குறித்த சிசேரியன். முயற்சி பாதியில் நின்று அவசர சிசேரியன். தாயின் உடம்புக்கு முதலாவதுதான் மிக லேசானது. தேதி குறித்தது நடுவில். பல மணி நேர வலிக்குப் பிறகு அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில்தான் ரத்தப்போக்கு, காய்ச்சல், தொற்று எல்லாமே அதிகம். ஆகவே "எது பாதுகாப்பு?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. உங்களுக்கு முயற்சி பலிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயற்சி செய்யும் 100 பேரில் 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பு எப்போதாவது ஒருமுறை சுகப்பிரசவம் ஆகியிருந்தால் 85 முதல் 90. இது சராசரி. என் அக்காவையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் சராசரிக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். எனக்கு முதல் குழந்தை கால் கீழாக இருந்ததால் ஆபரேஷன். இரண்டாவது தலை கீழாக இருந்தது, பழைய காரணமே இப்போது இல்லை. இடைவெளி மூன்று வருடம். அக்காவுக்கு ஊசி போட்டு வலி வரவழைத்து, கர்ப்பப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்ததோடு நின்று, நாள் முழுக்கக் காத்திருந்து ஆபரேஷன். இரண்டாவது முறை எடையும் கூடியிருந்தது, முதல் பிரசவத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பதினாலே மாதம். இடைவெளி பதினெட்டு மாதத்துக்குக் குறைந்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடும். முன்பு சுகப்பிரசவமே ஆகாதவர், வலி முன்னேறாமல் முதல் சிசேரியன் ஆனவர், உடல் பருமன் குறியீடு 30-க்கு மேல் உள்ளவர், இந்த முறையும் மருந்து கொடுத்துத்தான் வலி வரவழைக்க வேண்டியவர், இந்த நான்கும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தால் வாய்ப்பு 100-க்கு 40 அளவுக்கு இறங்கிவிடும் என்கிறது அதே வழிகாட்டுதல். அக்கா தேதி குறித்தாள். நான் காத்திருந்தேன். இரண்டு பேர் எடுத்ததும் சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கால்குலேட்டரும் இருக்கிறது. டாக்டர்கள் அதைத் திறந்து வைத்து வயது, எடை, முந்தைய காரணம் என்று நிரப்பி ஒரு சதவீதம் சொல்வார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட கால்குலேட்டரில் 2021 வரை இனம் பற்றிய கேள்வியும் இருந்தது. கறுப்பினப் பெண்களுக்கும் ஹிஸ்பானிக் பெண்களுக்கும் அது எண்ணைக் குறைத்துக் காட்டியது. எதிர்ப்பு வந்த பிறகு எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் எத்தனை பேர் அந்த எண்ணைக் கேட்டு மனம் தளர்ந்து திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எண் வந்ததும் அதோடு நிற்காமல், எதை வைத்து வந்தது என்றும் கேளுங்கள்.

இப்போது எல்லோரும் பயப்படும் விஷயம்: தழும்பு பிரிவது. கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு, வலி தானாக வந்தது என்றால் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. வலி எப்படித் தொடங்குகிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருபதாயிரம் பெண்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. வலியே வராமல் மறுபடி சிசேரியன் ஆனவர்களில் 1,000-க்கு 1.6 பேருக்குத் தழும்பு பிரிந்தது. வலி தானாக வந்தவர்களில் 5.2. கர்ப்பப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து இல்லாமல் வேறு வழியில் வலி வரவழைத்தவர்களில் 7.7. புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைத்து வரவழைத்தவர்களில் 24.5. கடைசி எண்ணைப் பாருங்கள். நான் டாக்டரிடம் முதலில் கேட்ட கேள்வி, "எனக்கு வலி தானாக வரலைன்னா என்ன செய்வீங்க?" என்பது. அதே வகையைச் சேர்ந்த மிசோப்ரோஸ்டால் மாத்திரை என்று யாராவது பதில் சொன்னால், சிசேரியன் தழும்போடு நிறைமாதத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் சொன்னது, 41 வாரம் வரை காத்திருப்போம், அப்போது கர்ப்பப்பை வாய் இளகியிருந்தால் பலூன் குழாய் வைத்துப் பார்க்கலாம், இளகாவிட்டால் ஆபரேஷன் என்று. பேச்சோடு விடாமல் ஃபைலில் எழுதியும் வைத்தார்.

பிரிந்தால் என்ன ஆகும்? சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தையின் இதயத்துடிப்பு விழும். நிமிடக் கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். 2004-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் முயற்சி செய்தவர்கள் பதினெட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் 124 பேருக்குத் தழும்பு பிரிந்தது. பிராணவாயு கிடைக்காமல் மூளை பாதித்த நிறைமாதக் குழந்தைகள் 12. அதில் 7 தழும்பு பிரிந்ததால். இரண்டு குழந்தைகள் இறந்தன. வலிக்கு முன்பே மறுபடி சிசேரியன் செய்துகொண்டவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட அந்த மூளைப் பாதிப்பு இல்லை. குழந்தையை மட்டும் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் தேதி குறிப்பதே பத்திரம். அதை மழுப்பக் கூடாது. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முயற்சியின்போது பிரசவம் சார்ந்து குழந்தை இறப்பது 10,000-க்கு 4 அளவில்; முதல் குழந்தைக்கு வலியில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே அளவு ஆபத்துதான் இருக்கிறது. முதல் பிரசவத்துக்கு நாம் யாரையும் இப்படிப் பயமுறுத்தி அனுப்புவதில்லை.

தேதி குறிப்பதன் செலவு வேறு இடத்தில் இருக்கிறது, அது பின்னால்தான் தெரியும். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு தழும்பை விட்டுப் போகிறது. நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் உட்கார்ந்து கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே வேர்விட்டுக்கொண்டால், பிரசவத்தின்போது பிரியாது. பெருகும் ரத்தத்தை நிறுத்த சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். முப்பதாயிரம் சிசேரியன்களைப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாவது சிசேரியனில் இது 100-க்கு 0.31, மூன்றாவதில் 0.57, நான்காவதில் 2.13, ஆறாவதில் 6.74. நஞ்சு கீழே இறங்கி வாயை மறைத்தும் இருந்தால் கதையே வேறு: இரண்டாவது சிசேரியனில் 100-க்கு 11, மூன்றாவதில் 40. இரண்டோடு போதும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள், அதனால் இந்த ஏணியில் அவளுக்கு மேலே ஏற வேண்டியிருக்கவில்லை. எனக்கு மூன்றாவது வேண்டும் என்ற ஆசை உண்டு. எத்தனை குழந்தை வேண்டும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதுதான், எந்த ஸ்கேனையும் விட, என் முடிவுக்கு உதவியது.

சின்னச் சின்ன வித்தியாசங்களும் உண்டு. தேதி குறித்து எடுத்த குழந்தைகளில் 100-க்கு 4, 5 பேருக்குப் பிறந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும்; முயற்சி செய்து பிறந்தவர்களில் 2, 3. இதனால்தான் 39 வாரம் முடியும் முன் தேதி வைக்க வேண்டாம் என்கிறார்கள். "38-லயே எடுத்துடலாமே" என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். இன்னொரு பக்கம், சுகப்பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிவது 100-க்கு 5 அளவில் இருக்கிறது. எழுந்து நடப்பதும், மூத்த குழந்தையைத் தூக்குவதும் சுகப்பிரசவத்துக்குப் பிறகு சீக்கிரம் முடியும்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது மருத்துவமனையைப் பற்றி. பகல் பத்து மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி? மயக்க மருந்து டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? முடிவெடுத்ததிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க எத்தனை நிமிடம்? ரத்தம் உள்ளேயே இருக்கிறதா? குழந்தையின் துடிப்பை வலி முழுக்க இடைவிடாமல் பதிவு செய்வார்களா? இவற்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே முயற்சி செய்யாதீர்கள். வேறு இடம் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் தேதி குறியுங்கள். வீட்டில் முயற்சி செய்வது என்ற பேச்சே வேண்டாம்.

எனக்கு 40 வாரம் 4 நாளில் வலி வந்தது. லேபர் ரூமில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை: ஒன்று குழந்தையின் துடிப்புக்கு, இன்னொன்று வலிக்கு. புரண்டு படுக்கும்போதெல்லாம் பட்டை நழுவும், துடிப்புச் சத்தம் நின்றுபோகும், என் உயிரும் ஒரு கணம் நின்று வரும். நர்ஸ் வந்து சரிசெய்வார். ஒவ்வொரு முறையும், வலி விட்ட பிறகு, அடிவயிற்றில் பழைய தழும்புக்கு மேலே விரல்களை வைத்து மெதுவாக அழுத்தி, "இப்ப இங்க வலிக்குதா?" என்று கேட்பார். வலி வந்து போகும், அது இயல்பு. இரண்டு வலிக்கு நடுவிலும் அந்த ஒரு இடத்தில் விடாமல் வலித்தால், திடீரென்று ரத்தம் பட்டால், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றால், இறங்கிய தலை மேலே ஏறினால், தோள்பட்டை நுனியில் வலி எடுத்தால், உடனே கவனிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட அதிகமாகக் காட்டிக்கொடுப்பது குழந்தையின் துடிப்பில் வரும் மாற்றம்தான். அதனால்தான் அந்தப் பட்டை. முதுகில் போடும் வலி நிவாரண ஊசி இந்த அறிகுறிகளை மறைத்துவிடும் என்று சொல்லக் கேட்டு நான் ஏழு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது டாக்டர், "போட்டுக்கலாம், துடிப்பைத்தான் பார்த்துட்டே இருக்கோமே" என்றார். முன்பே கேட்டிருக்கலாம். பதினோரு மணி நேரத்தில் பிறந்தாள்.

தயாரிப்பு என்று கேட்பவர்களிடம் நான் நீண்ட பட்டியல் கொடுப்பதில்லை. நடப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, ரத்தசோகை இருந்தால் நேரத்தோடு சரிசெய்வது, இவை எந்த வழியில் பிரசவம் ஆனாலும் நல்லது. தழும்பைப் பலப்படுத்தும் பயிற்சி எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம். ஸ்கேனில் தழும்பின் தடிமனை அளக்கிறார்கள், ஆனால் இத்தனை மில்லிமீட்டர் இருந்தால் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லை இல்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இருபதாவது வார ஸ்கேனில் நஞ்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். உண்மையிலேயே பலன் தருவது ஒன்று உண்டு: வலி முழுக்க ஒருவர் விடாமல் பக்கத்திலேயே இருப்பது. 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது), அப்படித் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும் சிசேரியன் குறைவாகவும் ஆனதைக் காட்டியது. யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

தேதி குறிப்பவர்களுக்கும் தயாரிப்பு உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேதி குறித்த 10 பேரில் ஒருவருக்கு 39 வாரத்துக்கு முன்பே வலி வந்துவிடும். அக்காவுக்கு 38 வாரம் 3 நாளில், நடுராத்திரியில் வந்தது. அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தாள்: "வலி வந்தாலும் சிசேரியன்தான் வேண்டும். வாய் முழுதாகத் திறந்து தலை இறங்கியிருந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள்." நான்கு சென்டிமீட்டர் திறந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்து குழந்தையை அவள் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். யாரும் அவளிடம் வாதாடவில்லை, அவளும் வலியோடு வலியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது கட்டணம் கட்டும் இடத்தில் நின்றுகொண்டு அக்கா கேட்டது ஆபரேஷன் நோட்டின் நகலை. கொடுக்க அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.